கொழும்பில் இரண்டு அறை வீட்டில் மாமியின் சாமான்களை எங்கே வைப்பது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு, யாழ்ப்பாணத்திலிருந்து மாமி நிரந்தரமாக வந்து இருக்கப்போகிறார், பின்னால் லொறியில் சாமான்களும் வரப்போகின்றன, என்ன மாதிரி அலுமாரி வாங்கினால் இடம் மிச்சம் பிடிக்கலாம்.

அலுமாரிக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் மருமகள். கேள்வியை இரவு பதினொரு மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கணவர் "வரட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். சரியா? பிழை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். சரி என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

2013இல் எங்கள் வாசலிலும் இப்படி ஒரு லொறி, என் அம்மாவின் சாமான்களோடு வந்து நின்றது. விடிய இரண்டு மணி. பகலில் காலி வீதிப் பக்கம் லொறியை நிறுத்த விடமாட்டார்கள் என்று டிரைவர் இரவோடிரவாக வந்துவிட்டார். நான் எண்ணினேன், 23 உருப்படி. இரண்டு றங்குப் பெட்டி, ஒரு கைத்தையல் மெஷின், மூன்று குத்துவிளக்கு, ஊறுகாய்ச் சாடி, கடகத்துக்குள் கடகம் வைத்துக் கட்டிய ஒரு மூட்டை, உரல் (உலக்கை இல்லை), ஆட்டுக்கல், பித்தளைக் கிடாரம். காவலாளி ஆட்டுக்கல்லை லிஃப்டுக்குள் விடவில்லை. நிறை பிரச்சினை இல்லையாம், தரை கீறுமாம். நான்கு பொடியன்கள் சாக்கில் கட்டி மூன்றாம் மாடிக்குத் தூக்கினார்கள். "அக்கா, உண்மையா இதில மா அரைக்கப் போறீங்களோ?" என்று ஒருவன் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டுக்கொண்டே வந்தான். இன்று வரைக்கும் ஒரு பிடி உளுந்து அதில் அரைபடவில்லை. பக்கத்திலேயே கிரைண்டர் நிற்கிறது.

பெற்ற தாயின் சாமானைப் பாரம் என்கிறாளே என்று கீழே எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அம்மா பன்னிரண்டு வருடமாக என்னோடுதான் இருக்கிறார். அந்த 23 உருப்படியில் நான் எறிந்தது ஒன்றே ஒன்று, கறையான் தின்ற ஓலைப்பாய். அதுவும் அம்மாவிடம் கேட்டுத்தான்.

கிடாரத்தை எறியச் சொல்ல எனக்கு வாய் வராது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா அதைக் கிணற்றடி வாழைக்குள் தாட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தால் வீட்டில் கதவு நிலையும் இல்லை. கிடாரம் மட்டும் மண்ணுக்குள் இருந்தது. தோண்டும்போது அலவாங்கு பட்டு விளிம்புக்குக் கீழே ஒரு நெளிவு, கட்டைவிரல் சரியாகப் பொருந்துகிற அளவு. துடைக்கும்போது அம்மாவின் விரல் அதில் ஒருக்கா நின்றுதான் போகும்.

மதிக்கிறோம், சரி. ஆனால் எங்கே வைப்பது? நான் பல்கனியில் வைத்தேன். அந்தப் பிழையை நீங்கள் விடாதீர்கள். 2017 ஞாபகம் இருக்கும், நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக ஏறி வந்தார். எங்கள் பல்கனியில் டோர்ச் அடித்துப் பார்த்தால், கவிழ்த்து வைத்திருந்த கிடாரத்தை யாரோ நிமிர்த்திவிட்டிருக்கிறார்கள் (எங்கள் வீட்டில் இந்த "யாரோ" எப்போதும் என் மகன்தான்), உள்ளே நாலு விரல் மழைத் தண்ணீர், அதில் நெளிகிற புழு. மனிதர் நல்லவர், எச்சரிக்கையோடு விட்டார். வழக்குப் போட்டிருந்தால் நீதிமன்றத்தில் என்னவென்று சொல்வது? ஐயா, இது இடம்பெயர்வில் தப்பின கிடாரம் என்றா?

இப்போது அது சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருக்கிறது, உள்ளே அரிசி மூட்டையோடு. வெறுமனே இருக்கிற பாத்திரத்துக்குத்தான் இடம் தேட வேண்டும், நிறைந்த பாத்திரம் தனக்கு இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. றங்குப் பெட்டி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே மெத்தை போட்டு, சன்னலோரம் இருக்கையாக்கினேன். மாமியின் பெட்டிகளையும் அப்படிச் செய்யலாம். மாமி அதில் இருந்துதான் கோப்பி குடிப்பார், பாருங்கள்.

அலுமாரி. மரைன் டிரைவ் பக்கம் என்றால் இரும்பு அலுமாரி வாங்கவே வேண்டாம். உப்புக் காற்றுக்கு எங்களுடையது நாலு வருடத்தில் அடிப்பக்கம் துருப்பிடித்து, வெள்ளைச் சேலையில் கோடு போட்டது. சிப்போர்ட் மலிவு, ஆனால் ஒரு மழைக்காலம் போனதும் ஊதிக் கதவு மூடாது. கொழும்பில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, அதற்கு அந்தப் பலகை தாங்குமா? நான் கடைசியில் மொறட்டுவையில் ஒரு தச்சரைப் பிடித்து, கதவு நிலைகளுக்கு மேலே சுவரோடு சுவராகப் பலகைத் தட்டு அடித்தேன். பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வீடு கட்டும்போதே கொங்கிரீட்டில் போடுவார்களாம், எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வைகாசி மழை தொடங்கியதும் பின்பலகையில் பூஞ்சணம் வரும்.

கூறைச் சேலையைப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. பழைய படங்கள், அந்த ஒட்டுகிற பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள அல்பத்தில் இருந்தால் உடனே கழற்றப் பாருங்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். இழுத்தால் கிழியும், பல் இடுக்கு நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுக்க வேண்டும். காணி உறுதியை லமினேட் செய்யாதீர்கள், நல்ல கடதாசி உறையில் போட்டு வைத்தால் போதும். தொலைந்தாலும் பிரதி காணிப் பதிவகத்தில் எடுக்கலாம், ஆனால் அந்த அலைச்சல் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்களுக்கு விற்கும்போது 1,050 சதுர அடி என்றார்கள். குடிவந்து ஒரு மாதத்தில் நானே நாடா பிடித்து அறை அறையாக அளந்தேன், 870கூட வரவில்லை. கேட்டால் நடைபாதையில் எங்கள் பங்கு, லிஃப்டில் எங்கள் பங்கு, சுவரின் தடிப்பு, எல்லாம் சேர்த்தி என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். நடைபாதையில் என் பங்கு இருக்கிறதென்றால் என் உரலை அங்கே வைக்கலாமா என்று கேட்டேன். சிரித்தார்கள். அப்புறம் "வேலையாள் அறை" என்று ஒன்று, ஆறடிக்கு ஐந்தடி, சன்னல் இல்லை. அதற்குள் ஒரு மனுஷியைப் படுக்க வைக்கலாம் என்று வரைந்தவரை அதிலேயே ஒரு இரவு படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். கட்டடம் முழுவதும் எல்லோரும் அதை ஸ்டோராகத்தான் பாவிக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், தட்டு அடிப்பதை அங்கே தொடங்குங்கள்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. சாமான் வரப்போகிறது என்று கவலைப்படுகிறீர்கள். ஏற்கெனவே வந்து குந்தியிருக்கிற சாமான் யாருடையது என்று ஒருக்கா குனிந்து பார்த்தீர்களா?

என் கட்டிலுக்குக் கீழே நான்கு சூட்கேஸ் இருந்தது. கனடாவில் இருக்கும் அக்காவுடையது. 2011இல் பிள்ளைகளோடு வந்து, ஊருக்குப் போய், வீட்டில் கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். விமானத்துக்கு நிறை கூடிவிட்டது. "அடுத்த வருசம் வந்து எடுக்கிறன், பத்திரம்" என்று பூட்டிச் சாவியையும் கொண்டு போய்விட்டார். எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒரு காணியை எதிர்ப்பில்லாமல் பத்து வருடம் ஆண்டனுபவித்தால் உரிமை கேட்கலாம். அந்தக் கணக்கில் என் கட்டிலின் கீழ்ப்பகுதி 2021இலேயே அந்தச் சூட்கேஸ்களுக்குச் சொந்தமாகிவிட்டது. என் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் குசினியில், அக்காவின் சூட்கேஸ் அறையில். அக்கா இடையில் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் "ஐயோ, ஏன் வீட்டை இப்படி அடைச்சு வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன வருடம் கட்டிலுக்குக் கீழிருந்து கரப்பான் மணம். வட்ஸ்அப்பில் வீடியோ போட்டு, "அக்கா, பூட்டை உடைக்கப் போறன், நீங்களே பாருங்கோ" என்றேன். அங்கே நடுச்சாமம், கம்பளிக்குள் இருந்து பார்த்தார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். நாற்பது கசெட், நாடா ஒட்டிப் போனது. "வை." காற்றுப் போன ஒரு பந்து. "வை, சின்னவன்ர." யாருடைய கலியாணம் என்று இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு அல்பம். "வை." மூடியில்லாத ஹோர்லிக்ஸ் போத்தல் ஆறு. இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதற்கும் "வை".

எறியாதே என்று சொல்பவர் அந்த அறையில் படுப்பதில்லை. எனக்கு இதுதான் கோபம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, எங்களுக்கு அவர்கள் அனுப்பியதையும் மறக்கவில்லை. அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு முழுக் காசும் அக்காதான் கொடுத்தார். அதை எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவள் என்பீர்கள், எழுதிவிட்டேன்.

மூன்றாவது சூட்கேஸில், சிவப்புக் கம்பளிக் குல்லாய்க்குள் சுற்றியபடி, அம்மம்மாவின் பாக்குவெட்டி இருந்தது. கிளி மூக்கு வைத்தது, பித்தளைப் பிடி.

இந்தப் பாக்குவெட்டிக்காக நான் பதினோரு வருடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். 2013இல் லொறிச் சாமான் பிரித்த அன்றே அம்மா தேடினார். கட்டியது நான் என்பதால் பழி என்மேல். லொறிப் பொடியன்கள் எடுத்திருப்பார்கள் என்றார், பிறகு வேலைக்கு வந்த பிள்ளை என்றார், கடைசியில் நான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்ற முடிவுக்கு வந்தார். சொந்தக்காரர் யார் வந்தாலும் அந்தக் கதை ஒருக்கா வரும். பெரியம்மா வந்த அன்றும் வந்தது, மகளின் சாமத்திய வீட்டன்றும் வந்தது.

எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் கையில் வைத்தேன். ஒன்றும் பேசாமல் வைத்தேன், பேசியிருந்தால் அழுதிருப்பேன். அம்மா திறந்து மூடிப் பார்த்தார், கொஞ்சம் துருவோடு கிரீச்சென்றது. பிறகு சொன்னார்: "கொக்கா கவனமா வைச்சிருந்திருக்கிறாள், பாத்தியோ பிள்ளை."

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, லொறி வருவதற்கு முன் வீட்டில் இருக்கிற மற்றவர்களின் பெட்டிகளை வெளியே எடுங்கள். மச்சானுடையது, மச்சாளுடையது, எதுவானாலும். திகதி குறித்து ஒரு செய்தி அனுப்புங்கள், மூன்று மாதம் கொடுங்கள், வீடியோவில் திறந்து காட்டுங்கள். ஹோர்லிக்ஸ் போத்தலுக்கும் "வை" என்றால் அனுப்புகிற செலவை அவர்களையே கட்டச் சொல்லுங்கள். எங்கள் அக்கா மூன்று சூட்கேஸை அந்த நிமிடமே வேண்டாம் என்றுவிட்டார். அந்த இடத்தில் இப்போது சக்கரம் வைத்த மூன்று பிளாஸ்டிக் பெட்டி ஓடுகிறது, புறக்கோட்டையில் வாங்கினது, மாமியின் துணிமணிக்கு நல்லாக இருக்கும். வாங்கப் போகுமுன் கட்டிலின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள், நான் அளக்காமல் போய் ஒருக்கா மாற்றினேன்.

பாக்குவெட்டி குசினி லாச்சியில் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது வெற்றிலை போடப் பல் இல்லை, ஆனாலும் பின்னேரத்தில் எடுத்து ஒருக்கா பார்ப்பார். போன கிழமை அக்கா செய்தி போட்டிருக்கிறார், ஆரும் கனடாவுக்கு வந்தால் அதை மட்டும் கொடுத்துவிடட்டாம், பேத்திக்குக் காட்ட வேணுமாம். இரண்டு நீலச் சரி விழுந்துவிட்டது, நான் இன்னும் பதில் போடவில்லை.