பழைய அம்பாசடரில் டீசல் என்ஜின் பொருத்தலாமா? கேள்வி-பதில்

கேள்வி: என் தந்தை வாங்கிய 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் தருவதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலால் ரப்பர் ஹோஸ்கள் அடிக்கடி கசிகின்றன. பிற்கால அம்பாசடரில் வந்த இரண்டு லிட்டர் இசுசு டீசல் என்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பொருத்தித் தருவதாக மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இப்போது உங்களுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் எரிபொருளுக்குச் செலவாகும். டீசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் ஏறத்தாழ 19,700 ரூபாய் ஆகும். மிச்சம் பத்தாயிரம் சொச்சம்தான். போட்ட பணம் திரும்பப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்படும் முன், இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்த காலத்தில், டாக்ஸிக்காரர்கள் இதைச் செய்ததில் நியாயம் இருந்தது.

சட்டம் இதைவிடப் பெரிய தடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. வேறு எரிபொருளில் ஓட்டுவதற்காக என்ஜினை மாற்ற அந்தப் பிரிவே ஒரு விலக்கு தருகிறது என்றாலும், அது விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தம் இடம் தருகிறது. "முதலில் மாட்டிவிடுவோம், ஆர்.டி.ஓ.வில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மெக்கானிக் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது என்ஜின் எண்ணைச் சரிபார்ப்பார்கள், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் முதலில் பார்க்கும்.

உங்கள் கார் ஐம்பது ஆண்டைக் கடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 2021இல் வந்த விதிகளின்படி, சேஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இத்தகைய கார்களை 20,000 ரூபாய் கட்டணத்தில் 'வின்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதால் எல்லோருக்கும் அது ஏற்றதல்ல. ஆனாலும் டீசல் என்ஜின் ஏறிவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும்.

மெக்கானிக்கின் தொகைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்றும் கேளுங்கள். டீசல் என்ஜின் கனமானது, ஐடிலில் அதிகம் அதிரக்கூடியது. எனவே மவுன்டிங்கை மாற்ற வேண்டும், முன் சஸ்பென்ஷனைச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் ரேடியேட்டர் பிராக்கெட் சில மாதங்களில் விரிசல் விடும். பம்பிலிருந்து மிஞ்சும் டீசல் டாங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் பைப் தேவை. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும், பெரிய பேட்டரியும், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றித் தரும் குளோ பிளக்குகளுக்கு ஒயரிங்கும் வேண்டும். புதிய கியர்பாக்ஸின் நீளத்துக்கு ஏற்ப, பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ப்ரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி, பேலன்ஸ் செய்து மாட்ட வேண்டும். இவற்றில் பாதி, "அது தனிச் செலவு சார்" என்றுதான் வந்து நிற்கும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பழைய 1,489 சி.சி. என்ஜினுக்கே செலவிடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட்டுகளை (வால்வு மூடும்போது வந்து அமரும் வளையங்களை) பொருத்துங்கள். இந்தச் சீட்டுகளைத் தேயாமல் காத்துவந்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றதிலிருந்து இந்த வகை என்ஜின்களுக்கு அது அவசியமாகிவிட்டது. எரிபொருள் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டரின் ரப்பர் பாகங்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் தரத்தில் வாங்கி மாற்றினால் கசிவுத் தொல்லை தீரும். காரை வாரக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கில் பழைய பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

கேள்வி: ஏற்கெனவே டீசலாக மாற்றிய அம்பாசடர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் 'டீசல்' என்று இருக்கிறதா, என்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணைத் தேய்த்து மறுபடி அடித்த தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். அது திருட்டு வண்டியின் என்ஜினாகவும் இருக்கலாம். டீசல் அம்பாசடர்தான் வேண்டுமென்றால், அம்பாசடர் தயாரான மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து டீசலாகவே வெளிவந்த கார்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.