வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்: கணினி மைக் கேள்வி பதில்

கோவில் திருவிழா, கல்யாணம் என்று மைக் செட் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது வீட்டிலிருந்தே பாடம் எடுப்பவர்களுக்கும் கதை வாசித்துப் பதிவு செய்பவர்களுக்கும் கணினியில் மைக் அமைத்துக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூர்: புது ஹெட்செட். போனில் மைக் வேலை செய்கிறது. டெஸ்க்டாப்பில் பாட்டு கேட்கிறது, ஆனால் நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. ஹெட்செட் பழுதா?

பழுது இல்லை. பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் பின் நான்கு பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்: நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது எர்த், அடிப்பகுதி மைக். போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் ஒற்றைத் துளை இந்த நான்கையும் எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் பச்சைத் துளை கேட்பதற்கு, பிங்க் துளை மைக்குக்கு. பச்சையில் செருகினால் பாட்டு மட்டும்தான் வரும்.

கடையில் ஹெட்செட் ஸ்பிளிட்டர் கேளுங்கள். ஹெட்செட்டை ஒரு முனையில் செருகலாம், மறுமுனையில் இரண்டு பின் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து பாட்டு கேட்கும் ஸ்பிளிட்டரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், கவனம். இரண்டு பின்களில் ஒன்றில் மைக் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

திருநெல்வேலி: விண்டோஸ் 11. மீட்டிங் மென்பொருளில் மைக் வேலை செய்யவே இல்லை.

செட்டிங்ஸில் பிரைவஸி பகுதிக்குப் போய் மைக்ரோஃபோனைத் திறங்கள். மேலே இருக்கும் சுவிட்சுகளை எல்லோரும் ஆன் செய்துவிடுகிறார்கள். கீழே டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பழைய சவுண்ட் பேனலில் ரெக்கார்டிங் பக்கம். வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கி வைத்த கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். மைக் தெரிந்தால் எனேபிள் செய்துவிட்டுப் பேசிப் பாருங்கள். பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறினால் மைக்கும் வயரும் நன்றாக இருக்கின்றன. பிரச்சனை பெரும்பாலும் அந்த மென்பொருளில் வேறு மைக் தேர்வாகி இருப்பதுதான்.

அங்கே மைக்கின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால், லெவல்ஸ் பகுதியில் சிக்னலை உயர்த்தும் மைக் பூஸ்ட் என்று ஒன்று கண்ணில் படலாம். தொடாதீர்கள்.

சேலம்: குரல் மிகவும் சன்னமாக வருகிறது. பூஸ்ட் 30 டெசிபெல் வைத்தேன், ஒரே இரைச்சல்.

பூஸ்ட் உங்கள் குரலை மட்டும் பொறுக்கி எடுத்து உயர்த்தாது. ஃபேன், தெருவில் போகும் ஆட்டோ, மைக்கின் சொந்த இரைச்சல் எல்லாமே சேர்ந்து ஏறும். தூரத்தைக் குறைத்தால் குரல் மட்டும் ஏறும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். மூன்றடி தள்ளியிருக்கும் மைக்கை ஒரு சாணுக்கு, அதாவது முக்கால் அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல். ஃபேன் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்து "அப்பா" என்று அழுத்திச் சொல்லுங்கள். கையில் படும் அந்தக் காற்றுதான் பதிவில் 'டப்' என்று விழுகிறது.

ஈரோடு: கண்டென்சர் மைக்கின் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள தடித்த மைக் கேபிள்) முனையை 3.5 மிமீ பின்னாக மாற்றி லேப்டாப்பில் செருகினேன். சத்தமே இல்லை.

அந்த வகை மைக்குகள் வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் 48 வோல்ட் கேட்கும். லேப்டாப் துளையில் கிடைப்பது சில வோல்ட்தான். 48 வோல்ட் பட்டன் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, வேண்டும்.

கோயம்புத்தூர்: எதற்கு இந்தச் சாண் கணக்கு? டைனமிக் மைக் வாங்கினால் ஃபேன் சத்தம் வராது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் சொல்லும் விஷயம் சரியில்லை. மேடையில் பாடுபவர் டைனமிக் மைக்கை உதட்டில் ஒட்டி வைத்துப் பாடுகிறார். ஷூர் எஸ்எம்58 1966லிருந்து மேடையில் இருக்கிறது, அதை யாரும் ஒரு முழம் தள்ளிப் பிடிப்பதில்லை. சுற்றுச் சத்தம் குறைவாக வருவதற்கு முதல் காரணம் அந்த நெருக்கம்.

நாகர்கோவில்: கோவைக்காரர் சொல்வதே சரி. என்னிடம் கண்டென்சர், டைனமிக் இரண்டும் இருக்கிறது. டைனமிக் அமைதியாகத்தான் இருக்கிறது.

இரண்டையும் ஒரே கெயினில் (மைக் சிக்னலை உயர்த்தும் அளவு) வைத்துக் கேட்டிருப்பீர்கள். டைனமிக்கில் வெளிவரும் சிக்னலே குறைவு. அதனால் ஃபேனும் குறையும், உங்கள் குரலும் குறையும். இரண்டு மைக்கையும் ஒரு சாணில் வையுங்கள். இரண்டிலும் குரல் சமமாக வரும்வரை கெயினைத் திருகுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் பத்து விநாடி பதிவு செய்து கேளுங்கள்.

யாழ்ப்பாணம்: ஆனால் டைனமிக்கில் ஃபேனின் 'உஸ்' சத்தம் குறைகிறதே, அண்ணா?

அது உண்மை. டைனமிக்கில் ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வோடு கம்பிச் சுருளும் சேர்ந்து அசைய வேண்டும், அதனால் மெல்லிய மேல் ஒலிகளைக் கொஞ்சம் விட்டுவிடும். அந்த அளவுக்கு லாபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்குமேல் இல்லை.

விழுப்புரம்: குரல் குறைவு. பூஸ்ட் எவ்வளவு வைக்கலாம்?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி: சார்ஜர் போட்டால் மைக்கில் 'ங்ங்ங்' என்று சத்தம். கழற்றினால் நின்றுவிடுகிறது.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் அது. உங்கள் பிளக் பாயின்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், அல்லது சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் போட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நிற்கிறது என்பதற்காக மூன்றாவது பின்னை யாரும் உடைத்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. அதுவரை பேட்டரியில் பதிவு செய்யுங்கள்.

மதுரை: புளூடூத் இயர்போனில் மைக்கை ஆன் செய்தால் பாட்டு பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது.

மைக் ஆனதும் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடுகிறது. கேட்க இயர்போன், பேச லேப்டாப் மைக் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யுங்கள்.

வேலூர்: தமிழில் பேசினால் தட்டச்சாகிறது, ஆனால் ஒரே பிழை.

மைக்கை ஒரு சாணில் வைத்தும் பிழை வந்தால் அது மென்பொருள் விஷயம். அது எனக்குத் தெரிந்த துறை இல்லை.

கடலூர்: பூஸ்ட்…

வேண்டாம்.

கோயம்புத்தூர்: நீங்கள் சொன்னபடி இரண்டு மைக்கையும் சமப்படுத்திக் கேட்டேன். ஃபேன் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அப்படியென்றால் ஃபேனை என்ன செய்வது? வெயிலில் நிறுத்த முடியாது.

பொறுமையாகச் செய்து பார்த்ததற்கு நன்றி. மேசையில் குட்டை ஸ்டாண்டில் வைத்து மைக்கை அண்ணாந்து பார்க்க வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அது உங்கள் வாயோடு சீலிங் ஃபேனையும் பார்க்கிறது. முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். மடக்கி நீட்டும் கை போன்ற ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, நெற்றி உயரத்திலிருந்து வாயைப் பார்த்துச் சாய்த்துத் தொங்கவிடுங்கள். மைக்கின் முதுகு ஃபேன் பக்கம் திரும்பிவிடும். ரெகுலேட்டரை 5லிருந்து 2க்கு இறக்கி, இன்னொரு பத்து விநாடி பதிவு செய்து அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.