வீடியோ போக்கர்: அதிர்ஷ்டம் எத்தனை ஆட்டம் தாங்கும்?

வீடியோ போக்கர் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: அதிர்ஷ்டம் இருந்தால் கணக்கை ஜெயிக்க முடியாதா? புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை, அதனால் கணக்கோடுதான் பதில் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு பெயர் சொல்லாத இடத்தில் எல்லாம் நான் பேசுவது 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்ற அடிப்படை ஆட்டத்தை. கேசினோ மெஷினின் திரையில் ஐந்து சீட்டு வரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு முறை மாற்றலாம், ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவர் ஐந்து வருஷமாக வாரம் நாலு மணி நேரம் அட்லாண்டிக் சிட்டியில் வீடியோ போக்கர் ஆடுகிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபத்தில்தான் இருக்கிறேன் என்கிறார். பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முதலில் அவர் உட்காரும் மெஷினின் பரிசுப் பட்டியல் என்ன என்று கேளுங்கள். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இன்னொரு எண்ணில் இரண்டு) போட்ட ஒரு காசுக்கு 9, ஃபிளஷுக்கு (ஐந்து சீட்டும் ஒரே சின்னம்) 6 என்றால் அதை 9/6 என்பார்கள். ஒரு தவறும் செய்யாமல் ஆடினால் அது போடும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 99.54 டாலர் திருப்பித் தரும். அந்த இரண்டு எண் மட்டும் குறைந்து 8/5 ஆகிவிட்டால் 97.30. 6/5 என்றால் 95. மற்ற எல்லா வரியும் அதே மாதிரி இருக்கும், பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

இப்போது அதிர்ஷ்டத்துக்கு வருவோம். கேசினோவின் பங்கு ஆட்டத்தின் எண்ணிக்கைக்கு நேராக வளரும், நூறு மடங்கு ஆடினால் நூறு மடங்கு. ஆனால் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும், நூறு மடங்கு ஆடினால் பத்தே மடங்கு. 9/6 மெஷினில் 10,000 ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கும் நஷ்டம் 46 பந்தயம், ஏற்ற இறக்கமோ (திட்ட விலக்கத்தைச் சொல்கிறேன்) சுமார் 440 பந்தயம். அதாவது அங்கே அதிர்ஷ்டம் கணக்கைவிடப் பத்து மடங்கு பெரியது, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். பத்து லட்சம் ஆட்டத்துக்குப் போனால் நஷ்டம் 4,560, ஏற்ற இறக்கம் 4,400, இரண்டும் ஏறக்குறையச் சமம். அதற்கு மேல் போகப் போக அதிர்ஷ்டம் பின்தங்கிக்கொண்டே வரும்.

மணிக்கு 600 ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் நண்பர் இதுவரை ஆறு லட்சம் ஆட்டத்துக்கு மேல் ஆடியிருப்பார். 9/6 மெஷினில், தவறில்லாமல் ஆடியிருந்தால், அவரைப் போல் ஐந்து பேரில் ஒருவர் இன்னும் லாபத்தில் இருப்பார். அந்த ஒருவர்தான் ஆபீஸில் பேசுவார், மற்ற நாலு பேர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஆடுவது 8/5 என்றால் அதே ஐந்து வருஷத்துக்குப் பிறகு லாபத்தில் இருப்பவர் பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிடும். அப்படியென்றால் அவர் கணக்கு எழுதி வைக்கவில்லை, ஜெயித்த நாள்கள் நினைவில் நிற்கின்றன, தோற்ற நாள்கள் நிற்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ராயல் ஃபிளஷ் 40,000 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் என்கிறார்கள். எனக்கு 60,000 ஆட்டம் தாண்டியும் வரவில்லை. இனி வந்தே ஆக வேண்டும் அல்லவா?

இல்லை. உங்கள் அடுத்த ஆட்டத்தில் ராயல் (ஒரே சின்னத்தில் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ்) வர வாய்ப்பு ஏறக்குறைய 40,400-இல் ஒன்று. நேற்று மாலைதான் ராயல் வாங்கியவருக்கும் அதே 40,400-இல் ஒன்று. மெஷினுக்கு உங்கள் பாக்கி தெரியாது.

சராசரி என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. 40,400 ஆட்டம் ஆடி முடித்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு ராயல் ஒன்று கூட வந்திருக்காது, அதே நேரத்தில் இரண்டு மூன்று வாங்கியவர்களும் இருப்பார்கள். 60,000 ஆட்டம் வராமல் போவது நூற்றில் 22, 23 பேருக்கு நடப்பது. உங்களுக்கு நடந்திருப்பது ஒரு அதிசயமும் இல்லை, மெஷினிலும் கோளாறு இல்லை.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. அந்த 99.54-இல் ஏறக்குறைய இரண்டு சதவீதம் ராயலிலிருந்து மட்டுமே வருகிறது. ராயல் வராத வரைக்கும் நீங்கள் ஆடுவது 97.5 சதவீத மெஷின்தான். நாலு மணி நேரம் உட்கார்ந்து 2,400 ஆட்டம் ஆடினால் ராயல் கிடைக்க 17-இல் ஒரு வாய்ப்பு. அதனால் பெரும்பாலான மாலைகளில் கை கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும், நன்றாக ஆடினாலும்.

கேள்வி: நான் எழுந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவருக்கு இரண்டே நிமிடத்தில் ராயல்! இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் அது எனக்கு வந்திருக்கும்தானே? மனசு ஆறவில்லை.

வந்திருக்காது, மனசை ஆற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எண் உருவாக்கி யாரும் தொடாதபோதும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பட்டனை அழுத்தும் அந்த நொடியின் மிகச் சிறு பங்கில் எந்த எண் இருந்ததோ அதுதான் சீட்டாக விழும். நீங்கள் அங்கேயே இருந்திருந்தாலும் அவர் அழுத்திய அதே கணத்தில் அழுத்தியிருக்க மாட்டீர்கள். அது உங்கள் வரிசையில் காத்திருந்த ராயல் இல்லை.

கேள்வி: கூட்டம் அதிகமான சனிக்கிழமைகளில் மெஷினை 'டைட்' பண்ணிவிடுவார்கள் என்கிறார்களே? கேசினோ கொடுக்கும் உறுப்பினர் அட்டையை, அதாவது கிளப் கார்டைச் செருகினால் பரிசு குறையும் என்றும் கேள்விப்பட்டேன்.

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சூதாட்ட விதிமுறையில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. நிஜ விளையாட்டைக் காட்டும் மெஷினில், ஒவ்வொரு சீட்டும் வரும் வாய்ப்பு நிஜ சீட்டுக்கட்டில் இருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். 52 சீட்டு என்றால் 52-க்கும் ஒரே வாய்ப்பு. சுழலும் ஸ்லாட் மெஷினில் எந்தப் படம் எத்தனை முறை விழும் என்பது உங்களுக்குத் தெரியாது, அங்கே சந்தேகப்படுவது நியாயம். வீடியோ போக்கரில் கேசினோ லாபத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பரிசுப் பட்டியலைத்தான் மாற்ற வேண்டும், அது கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் முகத்துக்கு நேரே எழுதியிருக்கிறது. 9 இருந்த இடத்தில் 8, 6 இருந்த இடத்தில் 5. 'டைட்' பண்ணுவது அதுதான், ரகசியமே இல்லை. முறையான ஆணையம் இல்லாத இணையத் தளங்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

கார்டு சீட்டைத் தொடுவதில்லை. நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்று மட்டும் எண்ணுகிறது. செருகாமல் ஆடினால் கிளப் புள்ளிகளாக உங்களுக்கு வர வேண்டிய சில்லறையும் போகும்.

கேள்வி: கையில் வந்த ஃபிளஷை உடைக்கச் சொல்லி ஒரு அட்டவணை சொல்கிறது. வந்த லட்சுமியை யாராவது வெளியே அனுப்புவார்களா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. சீட்டை விரித்துப் பார்ப்போம். எல்லாம் ஹார்ட்: ராஜா, ராணி, ஜாக், 10, அதோடு ஒரு 4. அப்படியே வைத்தால் ஒரு காசுக்கு 6 காசு நிச்சயம். 4-ஐத் தூக்கிப் போட்டால் மீதமிருக்கும் 47 சீட்டில் ஒன்று வரும். ஹார்ட் ஏஸ் வந்தால் ராயல், 800. ஹார்ட் 9 வந்தால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த ஐந்து), 50. மற்ற ஹார்ட் ஆறு இருக்கின்றன, எதுவந்தாலும் பழைய 6. வேறு ஏஸ் மூன்று, வேறு 9 மூன்று, இவற்றில் எது வந்தாலும் ஸ்ட்ரெய்ட் (சின்னம் கலந்த அடுத்தடுத்த ஐந்து), 4. ராஜா, ராணி, ஜாக் ஒன்பது இருக்கின்றன, ஜோடி சேர்ந்தால் 1. எல்லாவற்றையும் கூட்டினால் 919, அதை 47-ஆல் வகுத்தால் 19.5. ஆறை விட்டுவிட்டு சராசரி பத்தொன்பதரைக்குப் போகிறீர்கள்.

ஆனால் இதில் வலியும் இருக்கிறது. அந்த 47-இல் 24 சீட்டு உங்களுக்கு ஒன்றுமே தராது. பாதிக்கு மேற்பட்ட தடவை கையில் இருந்த ஆறும் போய் வெறுங்கையோடு நிற்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் 'அடடா' என்பார். அப்போதும் உடைத்ததுதான் சரி. முடிவு எப்படி இருந்தது என்பதை வைத்து, எடுத்த தீர்மானம் சரியா என்று சொல்லக்கூடாது, இந்த ஆட்டத்தில் ஆடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. இதே பழக்கத்தை ஜாக் ஜோடியிடம் காட்டாதீர்கள், ஃபிளஷுக்கு நாலு சீட்டு இருந்தாலும் ஜாக் ஜோடியை வைத்துக்கொள்வதுதான் லாபம். சின்ன ஜோடி என்றால் மாறாக ஃபிளஷுக்குப் போகலாம்.

கேள்வி: ஒவ்வொரு காசாகப் போட்டால் பணம் ரொம்ப நேரம் வராதா?

நேரம் வரும், ஆனால் ராயலுக்கு ஒரு காசில் கிடைப்பது 250 மட்டுமே. ஐந்து காசு போட்டால்தான் 4,000, அதாவது காசுக்கு 800. பட்ஜெட் சின்னது என்றால் டாலர் மெஷினில் ஒரு காசு போடாதீர்கள், கால் டாலர் மெஷினுக்குப் போய் ஐந்து போடுங்கள்.

கேள்வி: 100 சதவீதத்துக்கு மேல் தரும் மெஷின் உண்டு என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் அதையே வேலையாகச் செய்யலாமே?

உண்மை. 'டியூசஸ் வைல்ட்' என்ற இன்னொரு வகை ஆட்டத்தின் முழுப் பட்டியல், அதாவது பரிசு எதுவும் குறைக்காத பட்டியல், 100.76 சதவீதம், 10/7 'டபுள் போனஸ்' 100.17. லாஸ் வேகாஸில் ஒரு காலத்தில் தாராளமாகக் கிடைத்தன, இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் கால் டாலர் மெஷினில்தான். கால் டாலரில் ஒரு ஆட்டத்துக்கு 1.25 டாலர், மணிக்கு 600 ஆட்டம், ஒரு பிழையும் இல்லாமல், 0.76 சதவீதம்: மணிக்கு 5.70 டாலர். அதுவும் சராசரிதான், ஒரு மாதம் முழுக்க நஷ்டத்தில் போகலாம். கிளப் புள்ளிகள், வளர்ந்துகொண்டே போகும் ராயல் பரிசு, இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள். 8/5 மெஷினில் கூட, கால் டாலருக்கு ராயல் பரிசு ஏறக்குறைய 2,200 டாலரைத் தொட்டால் ஆட்டம் சமநிலைக்கு வரும். அவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பி உட்காரவில்லை, கணக்கு தன் பக்கம் சாயும் வரை காத்திருந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி: மெஷினையே தோற்கடித்த ஒருவர் கதை கேட்டேன். நிஜமா?

2009-இல் நடந்தது. 'கேம் கிங்' மெஷினின் மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. 'டபுள் அப்' (ஜெயித்த தொகையை இரட்டிப்பாக்கப் பந்தயம் வைப்பது) வசதி திறந்திருக்கும்போது சிறிய தொகையில் ஜெயித்துவிட்டு, குறிப்பிட்ட வரிசையில் பட்டன்களை அழுத்திப் பெரிய தொகைக்கு மாறினால் அதே பழைய வெற்றிக்குப் பெரிய தொகைக் கணக்கில் பணம் வந்தது. ஜான் கேன் லாஸ் வேகாஸிலும், ஆந்த்ரே நெஸ்டர் பென்சில்வேனியாவிலும் பிடிபட்டார்கள். கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் போட்ட குற்றச்சாட்டு 2013-இல் கைவிடப்பட்டது. பிழை திருத்தப்பட்டுவிட்டது. அதிர்ஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை, வாய்ப்புக் கணக்கையே சுற்றிக்கொண்டு போன கதை இது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி விட்டதைப் பிடிக்கிறேன் என்று பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். கொஞ்ச நாள் பொறு, அதிர்ஷ்டம் திரும்பும் என்கிறான். கணக்கு சொன்னால் கேட்பானா?

அக்கா, கணக்கு சொல்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பந்தயத்தை நாலு மடங்கு ஆக்கினால் கேசினோவின் சதவீதம் மாறாது, போகும் பணம்தான் நாலு மடங்காகும். விட்ட பணம் மெஷினில் எங்கும் பதிவாகி இருப்பதில்லை, அது திரும்பி வர வேண்டிய கடன் இல்லை. சிங்கப்பூர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் உள்ளே போகவே ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டுகிறார், முதல் சீட்டு விழுவதற்கு முன்பே அவ்வளவு பின்னால்.

இந்த நிலையில் இருப்பவர் கணக்கு தெரியாமல் ஆடுவதில்லை. எனக்கு எழுதியவர்களில் என்னைவிட நன்றாகக் கணக்கு தெரிந்தவர்களும் உண்டு. பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் அங்கே இருக்கிறது. தம்பியே விண்ணப்பித்துத் தன்னைக் கேசினோவிலிருந்து விலக்கிக்கொள்ளலாம், அவர் மறுத்தால் நெருங்கிய குடும்பத்தினர் குடும்ப விலக்கு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய கடனை நீங்கள் சத்தமில்லாமல் அடைக்காதீர்கள். இந்த வாரமே அந்த மன்றத்தோடு பேசுங்கள், தனியாகச் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

கேள்வி: வேலை விஷயமாக ஒரே ராத்திரி வேகாஸில் இருப்பேன். ஆசைக்குக் கொஞ்ச நேரம் ஆடலாம் என்று இருக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

ஆடுங்கள், தப்பில்லை. கால் டாலர் மெஷினில் ஐந்து காசு போட்டு மணிக்கு 600 ஆட்டம் ஆடினால் உங்கள் கையிலிருந்து 750 டாலர் சுழலும். சராசரி நஷ்டம் 9/6-இல் மணிக்கு மூன்றரை டாலர், 8/5-இல் இருபது, 6/5-இல் முப்பத்தேழரை. மெதுவாக ஆடினால் எல்லாமே குறையும். உட்காருவதற்கு முன் ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ் என்ற இரண்டு வரியைப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்து மெஷினில் கூட அது மாறும். இன்னொன்று, பல ஆட்டங்கள் உள்ள மெஷினில் கால் டாலரிலிருந்து ஒரு டாலருக்கு மாற்றினால் பட்டியலும் சேர்ந்து மாறலாம், திரையில் தொகையை மாற்றிய ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வரியை மறுபடி படித்துவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.