நன்றாகச் சாப்பிடும் பூனை ஏன் மெலிகிறது?

“பெரிய நோய் என்று தெரிந்தால் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்வார்கள்” என்ற பயத்தில்தான் உங்கள் 13 வயதுச் செந்நிறக் கடுவன் பூனையை நெடுநாளாக எந்த மருத்துவரிடமும் காட்டவில்லை என்பது கடிதத்தின் கடைசி வரியில்தான் தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பவரின் சம்மதமின்றி அந்த ஊசி போடப்படுவதில்லை. வலியும் வேதனையும் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நிலையில்தான் அந்தப் பேச்சே எழும். மீன் வாசனைக்கு அடுக்களை வரை ஓடிவரும் பூனைக்கு அந்தப் பேச்சு வேண்டியதில்லை.

நீங்கள் கவலைப்பட்டுக் கேட்டவற்றுக்கு வருகிறேன். உதட்டில் தோன்றியிருக்கும் கரும்புள்ளிகள் செந்நிறப் பூனைகளுக்கு வயதோடு வரும் நிறமாற்றம். அவற்றை இணையத்தில் வரும் புற்றுநோய்ப் படங்களோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இரு கண்களிலும் ஒரே சீராகத் தெரியும் நீலச்சாயல் பெரும்பாலும் லென்ஸின் முதிர்ச்சியே. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து உறுதி செய்வார். பீரோவின் மேல் தாவாமல் நின்றுவிட்டது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான்: “நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனால் இளைத்துவிட்டான், குளியலறை வாளியிலும் போய்த் தண்ணீர் குடிக்கிறான்.” தடுப்பூசி அட்டையில் 4.2 கிலோவாக இருந்த எடை இப்போது 3.4 கிலோ என்றால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 60 கிலோ எடையுள்ள மனிதர் 11 கிலோ இழந்ததற்கு இது சமம். வயதானால் பூனை மெலியத்தான் செய்யும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பிவிட்டீர்கள். பூனையின் ரோமமும் தொங்கும் அடிவயிறும் மெலிவை மறைத்துவிடும் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், முதுகைத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பின் முண்டுகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டால் தசை கரைந்திருக்கிறது என்று பொருள்.

பசி குறையாமல் எடை குறைவதற்கும் தாகம் கூடுவதற்கும் வயதான பூனைகளில் நாங்கள் முதலில் தேடுபவை மூன்று: தைராய்டு மிகைச் சுரப்பு, சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரக நோய். தைராய்டைத் தினசரி மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். சர்க்கரை நோய்க்கு விரைவிலேயே இன்சுலின் தொடங்கினால் சில பூனைகளுக்குப் பிறகு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. சிறுநீரக நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால் தொடக்கத்திலேயே தெரிந்தால் உணவையும் மருந்தையும் சீராக்கிப் பல பூனைகளை ஆண்டுக்கணக்கில் நலமாக வைத்திருக்க முடிகிறது. சிக்கல் என்னவென்றால், சிறுநீரகத்தின் செயல்திறனில் முக்கால் பங்கு அழிந்த பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) அளவு வரம்பைத் தாண்டும். ஆகவே வழக்கமான இரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடாமல், சிறுநீரின் அடர்த்தியையும் தைராய்டு அளவையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். அழுத்தம் மிகுந்தால் விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போய்விடக்கூடும்.

இனி நீங்களே செய்துகொண்ட வைத்தியம். புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஏதோ காணொளியில் பார்த்து, மீனைக் குறைத்துத் தயிர்சாதத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பூனை இறைச்சியுண்ணி; இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் இதயமும் கண்ணும் கெடும். நோய் இன்னதென்று தெரியாமல் பத்தியம் வைப்பது, மெலிந்த பூனையை இன்னும் மெலியவைப்பதில்தான் முடியும். கால் விந்தியபோது கொடுத்த கால்வாசி பாராசிட்டமால் மாத்திரையால் “ஒன்றும் ஆகவில்லை” என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள்; அது உங்கள் நல்ல காலம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு முழு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். வீட்டு மருந்துப் பெட்டியை இனிப் பூனைக்காகத் திறக்காதீர்கள்.

பயணத்தில் பயந்தே செத்துவிடும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. கட்டைப்பையில் திணித்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பூனைக் கூண்டை இன்றே கூடத்தில் திறந்து வைத்து, அது படுக்கும் பழைய துண்டை உள்ளே விரித்து, தீனியையும் அங்கேயே வையுங்கள். புறப்படும்போது மேலே துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். மிகவும் மிரளும் பூனைகளுக்குக் கிளம்புவதற்கு முன் கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மருந்தும் உண்டு. அதைத் தொலைபேசியில் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். மிரட்சியிலேயே பூனையின் சர்க்கரை அளவு ஏறிவிடும் என்பது மருத்துவருக்கும் தெரியும். ஒரே ஒரு முறை கூடுதலாக வந்ததை வைத்து அவர் முடிவு கட்டமாட்டார்.

நீங்கள் புரசைவாக்கத்தில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூப்பிடு தூரம்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த பிறகு காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; வேண்டாம், இந்த வாரமே போங்கள். அதற்குள் ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் கூண்டுப் பழக்கத்துக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். முடிவுகள் நல்லபடியாக வந்தாலும், இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையும், மாதம் ஒரு முறை வீட்டில் எடை பார்த்து அதே அட்டையில் குறித்து வைப்பதும் தொடரட்டும்.