பழைய பாய்மரப் படகும் அதன் உள் இன்ஜினும்: எந்த விலைக்கு வாங்கலாம்?

கேள்வி: ஐயா, பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்க எண்ணியுள்ளேன். முப்பது அடி நீளம். கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே இருக்கும் டீசல் இன்ஜினும் படகின் வயதுடையதே. "900 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, சாவியைத் திருப்பியதும் கிளம்பும்" என்கிறார் விற்பவர். அவசரத் தேவைக்கான நிதியைத் தனியே வைத்துவிட்டேன். அது போக உள்ள சேமிப்பில் முக்கால் பங்கை இந்த விலை எடுத்துக்கொள்ளும். இன்ஜினை நம்பி இந்த விலையைக் கொடுக்கலாமா? குறை தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்பது? பின்னால் இன்ஜினை மாற்ற நேர்ந்தால் அதற்குக் கடன் வாங்கலாமா?

பதில்: கேட்கப்படும் விலைக்கு இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த இன்ஜின் கெட்டுப்போயிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கெட்டிருந்தால் அதைத் தாங்கும் பணம் உங்களிடம் மிஞ்சாது என்கிறேன். பழைய படகு வாங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: இன்ஜின் ஓடாத படகு என்று வைத்துக்கொண்டு முதலில் உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள், பிறகு சோதனையில் இன்ஜின் தன் நிலையை நிரூபிக்கும் அளவுக்கு மட்டும் விலையை ஏற்றுங்கள். விற்பவர் சொன்ன விலையில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வந்தால், கண்ணில் படாமல் போன ஒவ்வொரு குறைக்கும் நீங்களே பணம் கட்டுகிறீர்கள்.

இதை உங்கள் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கேட்கும் விலையை 100 பங்கு என்று கொண்டால் உங்கள் சேமிப்பு ஏறத்தாழ 133 பங்கு. இன்ஜினை மாற்றுவது என்றால் புது இன்ஜினின் விலையோடு செலவு நிற்பதில்லை. அதைத் தாங்கும் கால்கள் படகிலுள்ள பழைய இன்ஜின் படுகையில் பெரும்பாலும் பொருந்தாது. புரொப்பெல்லரும் சில வேளை அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டும் மாற வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய், டீசல் குழாய்கள், கட்டுப்பாட்டுக் கேபிள்கள், மின் இணைப்பு எல்லாம் புதிதாக வரும். வேலை நடக்கும் நாள்களுக்குப் படகுத்துறைக் கட்டணமும் உண்டு. கூலியும் இந்தத் துணைச் செலவுகளும் சேர்ந்து பெரும்பாலும் இன்ஜினின் விலைக்கு நிகராக வந்து நிற்கும். பழைய சிறு படகுகளில் மொத்தச் செலவு படகின் விலையையே தொட்டுவிடுவதும் உண்டு. உங்கள் படகுக்கு அது 60 பங்கு என்று வைத்துக்கொள்வோம். சரியான எண்ணை ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆண்டின் காப்பீடு, துறைக் கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றுக்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது வழக்கம், அது 10. ஆக, 133-இலிருந்து 60-ஐயும் 10-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 63. இன்ஜினைப் பற்றி எதுவும் தெரியாத இன்றைய நிலையில் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை அதுதான்.

"பாதிக்குப் பாதிதானே வாய்ப்பு, 30 பங்கை ஒதுக்கினால் போதாதா?" என்று தோன்றலாம். நூறு படகு வாங்கி விற்கும் வணிகருக்கு அந்தச் சராசரி உதவும். ஒரே ஒரு படகு வாங்கும் உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லாமல் போகும், அல்லது 60 முழுவதுமாக வரும். 30 என்று ஒருபோதும் வராது.

விற்பவர் பெருமையாகச் சொல்லும் 900 மணி நேரத்தை நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். நன்றாகப் பராமரிக்கப்பட்ட படகு டீசல் இன்ஜின் பல ஆயிரம் மணி நேரம் ஓடக்கூடியது. அந்த அளவில் 900 குறைவுதான். ஆனால் முப்பது ஆண்டுகளில் 900 என்றால் ஆண்டுக்கு 30 மணி நேரம். மீதிக் காலமெல்லாம் அது ஈரக்காற்றில் சும்மா நின்றிருக்கிறது. நிற்கும் இன்ஜினில் ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடியே இருக்கும். அதன் வழியே புகும் ஈரம் உள்சுவரிலும் பிஸ்டன் ரிங்குகளிலும் துருவை உண்டாக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டேங்கில் தங்கிய டீசலின் அடியில் நீர் சேர்ந்து, அதில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுப்புச் சேறாகப் படியும். ஓடிய நேரத்திலும் பெரும்பகுதி பேட்டரிக்கு மின்னேற்றுவதற்காகச் சுமையில்லாமல் மெதுவாக ஓடியதாக இருந்தால், சிலிண்டர் சுவர் வழவழப்பாகி ஆயில் எரியத் தொடங்கியிருக்கலாம். போதாததற்கு, மணி காட்டும் மீட்டர் இடையில் மாற்றப்பட்டிருந்தால் அந்த எண்ணுக்கே பொருளில்லை. எனவே மீட்டரைவிட பில்களைக் கேளுங்கள்: எந்த ஆண்டு எந்த வேலை நடந்தது, ஆயிலும் ஃபில்டரும் எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை மாறின என்பதைக் காட்டும் ரசீதுக் கட்டை வைத்திருப்பவரின் இன்ஜின் 2,500 மணி நேரம் ஓடியிருந்தாலும் அதற்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

அடுத்து, விலையை வேறு எதையும்விடக் கூடுதலாகப் பாதிக்கும் ஒரு கேள்வி: இன்ஜின் எப்படிக் குளிர்விக்கப்படுகிறது? சில பழைய இன்ஜின்களில் கடல்நீரே நேராக இன்ஜினின் உடலான பிளாக்குக்குள் சுற்றி வெளியேறுகிறது. வெப்பம் ஏறினால் உப்பு படியும் என்பதால் இவற்றை 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே ஓட்டுகிறார்கள். அப்படியும் ஆண்டுகள் செல்லச் செல்ல நீர்ப்பாதை அடைபடும், பிளாக்கின் சுவர் உள்ளிருந்தே அரிக்கப்படும். அது மெலிந்துபோனால் கட்டுப்படியாகும் செலவில் சரிசெய்ய வழியில்லை. மற்ற வகையில் இன்ஜினுக்குள் கூலன்ட் கலந்த நன்னீர் சுற்றுகிறது; கடல்நீர், அந்த நன்னீரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரைதான் வரும். அங்கே அரிப்பு வந்தால் அந்த உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் படகில் இருப்பது கடல்நீர் நேராகச் சுற்றும் வகை என்றால், முப்பது ஆண்டுக்குப் பின் அது எவ்வளவு இனிமையாக ஓடினாலும் 63-க்கு மேல் போக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்ஸாஸ்ட் வளைவை எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். சூடான புகையோடு கடல்நீர் கலக்கும் இடம் அது. கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும், உலோகமும் அரிபடும். அதை மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் நீர் பின்னோக்கிச் சிலிண்டருக்குள் புகுந்து இன்ஜினையே பாழாக்கிவிடக்கூடும். "அப்படி ஒன்றை மாற்றியதாக நினைவில்லை" என்று விற்பவர் சொன்னால், பராமரிப்பு முழுவதும் எப்படி நடந்திருக்கும் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

சோதனைக்குப் போகும் நாளில் இன்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். சூடான இன்ஜின் எளிதாகக் கிளம்பும் என்பதால் நீங்கள் காண வேண்டிய குறை மறைந்துவிடும். கிளம்பிய சில நொடிகளுக்கு வெண்புகை வந்து மறைவது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. நீங்காத நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சுமையேறும்போது வரும் கரும்புகை காற்று போதாமையையோ அதிகச் சுமையையோ காட்டும். நிற்காத வெண்புகை எரியாத டீசலாகவோ நீராவியாகவோ இருக்கும். ஆயிலைப் பார்க்க உதவும் அளவுகோலான டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினில் இயல்பு. பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள்; அன்றே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

துறையில் கட்டியபடி நியூட்ரலில் ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. கடலுக்குள் கொண்டுபோய் முழுச் சுமையில் பத்து நிமிடமாவது ஓட்டச் சொல்லுங்கள். கையேடு 3600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3600 சுழற்சி) என்று சொல்லும் இன்ஜின் 2900-இலேயே நின்றுவிட்டால், படகின் அடியில் சிப்பி படிந்திருக்கலாம், புரொப்பெல்லர் பொருந்தாததாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் அடைத்திருக்கலாம், அல்லது இன்ஜினே தளர்ந்திருக்கலாம். முதல் மூன்றும் சிறு செலவு. நான்காவது 60 பங்கு. எது என்று பிரித்துச் சொல்லத்தான் உங்களுக்கு ஒரு டீசல் மெக்கானிக் வேண்டும். படகின் உடலை ஆராயும் சர்வேயர் பொதுவாக இன்ஜினை வெளிப்புறமாகப் பார்த்துக் குறிப்பெழுதுவதோடு நிறுத்திக்கொள்வார். ஆகவே இருவருக்கும் தனித்தனியே கட்டணம் கொடுங்கள். மெக்கானிக் நீங்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். விற்பவரோ தரகரோ அறிமுகப்படுத்துபவர் வேண்டாம். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டும், கியர்பாக்ஸ் சோதனையும், இந்த மாடலுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்ற விசாரணையும் அவருடைய அறிக்கையில் இருக்க வேண்டும். யன்மார் ஜிஎம் வரிசை, பெர்கின்ஸ் 4-108 போன்று பெருமளவில் விற்ற பழைய இன்ஜின்களுக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. தயாரித்த நிறுவனமே மறைந்துபோன இன்ஜினில் ஒரு சிறு பம்ப் கெட்டாலும் முழு மாற்றத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

அறிக்கை நன்றாக வந்தால் விலையை எவ்வளவு ஏற்றலாம்? சிறு வேலைகளுக்கு 10 பங்கு ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தால், அந்தப் பத்தையும் முதல் ஆண்டுச் செலவான பத்தையும், இன்ஜின் மாற்றத்துக்கான பாதித் தொகையான முப்பதையும் ஒதுக்கிவிட்டு 83 வரை போகலாம். இன்ஜினின் நிலை தெரியாதபோது போதாது என்று சொன்ன அதே 30 இப்போது போதும், ஏனெனில் மாற்றம் உடனே வரும் வாய்ப்பு குறைந்துவிட்டது, மீதியைச் சேர்க்கக் காலம் கிடைக்கக்கூடும். அறிக்கை இன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. முப்பது ஆண்டு இன்ஜினின் அடுத்த ஐந்தாண்டுக்கு யாரும் உறுதி தர முடியாது, ஆகவே அந்தப் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டாம். அதே நேரம், ஓடும் இன்ஜினுக்குப் புது இன்ஜினின் முழு விலையையும் கழித்துக் கேட்பது நியாயமாகாது. பழைய இன்ஜின் என்பதை மனத்தில் வைத்துத்தான் இத்தகைய படகுகளுக்கு விலையே அமைகிறது. எழுத்தில் உள்ள பழுதுக்கான மதிப்பீட்டை முன்வைத்து அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கடன் பற்றி: வேண்டாம். படகுக்குள் பொருத்திய இன்ஜினைத் தனி ஈடாகக் கடன் தருவோர் பொதுவாக ஏற்பதில்லை. உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈடில்லாத தனிநபர் கடனாகவே இருக்கும், வட்டியும் அதற்கேற்பக் கூடும். புது இன்ஜினுக்குப் போட்ட பணம் படகை விற்கும்போது முழுவதும் திரும்பி வருவதுமில்லை. ஒரு பகுதிதான் வரும். இதையே உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் இன்ஜினை மாற்றிய ஒருவரின் படகு 110 பங்குக்குக் கிடைத்தால், அந்த நட்டத்தை அவர் ஏற்கெனவே ஏற்றுவிட்டார். உங்கள் 133-க்குள் அது அடங்கும், முதல் ஆண்டுச் செலவுக்கும் இடமிருக்கும். முடிவெடுக்கும் முன் அப்படி ஒன்றிரண்டைத் தேடிப் பாருங்கள்.

இந்தப் படகையே தொடர்வதானால், முன்பணம் கொடுக்கும்போது எழுத வேண்டிய வாசகம் இது: படகின் உடல் ஆய்வு, இன்ஜின் ஆய்வு, கடல் சோதனை ஆகிய மூன்றும் வாங்குபவருக்கு மனநிறைவு தராவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். விற்பவர் அதில் கையெழுத்திட்டால் ஆய்வுகளுக்குப் பணம் செலவழியுங்கள். இல்லையென்றால் 63-ஐச் சொல்லிவிட்டு, அவருடைய பதிலுக்குக் காத்திருங்கள்.