வெங்காய வேரில் குரோமோசோம் ஏன் தெரியவில்லை?

வாசகர் கேள்வி: உயிரியல்

கேள்வி: வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து வேர் விடச் செய்தோம். வேரை வெட்டி, குரோமோசோமை நிறமூட்டிக் காட்டும் ஆர்சீன் சாயம் போட்டுப் பார்த்தால் நீளநீளமான செல்களும் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியும்தான் தெரிகின்றன. எங்கள் நுண்ணோக்கி பழையது என்பதாலா?
(பத்தாம் வகுப்பு மாணவர், லெனேசியா, தென்னாப்பிரிக்கா)

பதில்: நுண்ணோக்கிமேல் பழி போட வேண்டாம். வெங்காயத்தின் குரோமோசோம்கள் பெரியவை. 400 மடங்கு உருப்பெருக்கமே போதும். 'நீளநீளமான செல்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. நுனியில் வேர்மூடி, அதன் பின்னால் ஆக்குத்திசு. செல்கள் மும்முரமாகப் பிரிவது இந்த ஆக்குத்திசுவில்தான். நுனியிலிருந்து அளந்தால் 1 முதல் 2 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதற்கு மேலுள்ள செல்கள் பிரிவதை நிறுத்தி நீளத் தொடங்கிவிட்டவை. ஒரு சென்டிமீட்டர் துண்டை நசுக்கினால் அவைதான் ஸ்லைடை நிரப்பும்.

அடுத்த முறை 1 அல்லது 2 சென்டிமீட்டர் வளர்ந்த வேர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அடர் அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் ஒரு நாள் ஊறட்டும். செல்கள் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் உறைந்து நிற்கும். பிறகு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில், 5 நிமிடம். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் இதில்தான் இளகும். நேரம் குறைந்தால் செல்கள் பிரியாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். மிகுந்தால் வேர் கூழாகும், சாயமும் சரியாகப் பிடிக்காது. இதை ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

தண்ணீரில் நன்றாக அலசிய பின் நுனியை மட்டும் நறுக்கி, சாயம் விட்டுச் சில நிமிடம் வையுங்கள். கவர்ஸ்லிப்பை மூடி, அதன்மேல் ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் நேர்க்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் துளி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் இழுபட்டுப் பாழாகும். பெரும்பாலான ஸ்லைடுகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

பார்க்கும்போது முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில், நடுவில் பெரிய உட்கரு உள்ள சதுரச் செல்களின் கூட்டத்தைத் தேடுங்கள். அங்கேயும் பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில்தான், அதாவது பிரிதலுக்கு முந்தைய இடைநிலையில்தான் இருக்கும். 100 செல்களில் பத்துப் பிரிந்துகொண்டிருந்தாலே நல்ல ஸ்லைடு. அந்தப் பத்திலும் பிரிதலின் முதல் நிலையான புரோஃபேஸ்தான் அதிகம். மற்ற நிலைகளைவிட அது நீண்ட நேரம் நடக்கிறது.

இன்னொன்று: ஜூன், ஜூலையில் உங்கள் ஊர் இரவுக் குளிரில் ஜன்னலோரம் வைத்த வெங்காயம் சோம்பிக் கிடக்கும். 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் வையுங்கள்.

கேள்வி: மகளின் பள்ளிக்காக வெங்காயம் வைத்தேன். வேரே வரவில்லை, அடி அழுகி நாறுகிறது.
(ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: வெங்காயம் முழுவதும் மூழ்கக் கூடாது, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டிவிட்டுத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், டர்பன் கோடையில் இதைத் தவறவிடவே கூடாது. அப்படியும் வேர் வராவிட்டால் வேறு வெங்காயம் வாங்குங்கள். சேமிப்பில் முளைக்காமலிருக்கச் சில வெங்காயங்களுக்கு மலெயிக் ஹைட்ரசைடு தெளிப்பார்கள், அல்லது கதிர்வீச்சு கொடுப்பார்கள். இரண்டுமே செல் பிரிதலைத் தடுப்பவை. பூண்டுப் பற்களை வைத்தும் பார்க்கலாம். வெங்காயத்தைப் போலவே அதிலும் 16 குரோமோசோம்களே.

கேள்வி: வெங்காயத்தில் 16 குரோமோசோம் என்கிறார்கள். அனாஃபேஸில் 32 என்று எழுதினால் சரியா? டி.என்.ஏ. இரட்டித்தவுடனேயே 32 ஆகிவிடாதா?
(மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அனாஃபேஸில், அதாவது குரோமோசோம்கள் பிரிந்து துருவங்களுக்கு நகரும் நிலையில், 32 சரி. இரட்டித்தவுடன் 32 என்பது தவறு. சென்ட்ரோமியரை எண்ணுங்கள், குழப்பம் தீரும். டி.என்.ஏ. இரட்டித்த பிறகு ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு குரோமாட்டிடுகள் (ஒரே மாதிரியான இரு நகல் இழைகள்) இருந்தாலும் அவற்றைப் பிணைக்கும் சென்ட்ரோமியர் ஒன்றாகவே எண்ணப்படும். ஆகவே குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் முடியும்வரை 16 குரோமோசோம், 32 குரோமாட்டிட். அனாஃபேஸில் குரோமாட்டிடுகள் பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம் ஆகிறது, துருவத்துக்கு 16. மனிதச் செல்லிலும் இதே கணக்கு: 46, அனாஃபேஸில் 92, பிறகு ஒவ்வோர் உட்கருவிலும் 46. பள்ளி ஸ்லைடில் இதை எண்ணிச் சரிபார்க்க முயல வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.

கேள்வி: வெங்காய வேர்ச் செல்லின் மெட்டாஃபேஸை அழகாக வரைந்தும் மதிப்பெண் குறைந்தது. சென்ட்ரியோலைக்கூட விடாமல் வரைந்தேனே!
(மாணவர், ஃபீனிக்ஸ்)

பதில்: அதனால்தான் குறைந்தது. விலங்குச் செல்லின் துருவங்களில் காணப்படும் சென்ட்ரியோல், பூக்கும் தாவரங்களின் செல்களில் கிடையாது. அது இல்லாமலே, குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகின்றன. விலங்குச் செல் படத்தைப் பார்த்துப் பழகிய கை இப்படித்தான் போகும். பிரிதலின் கடைசி நிலையான டீலோஃபேஸ் வரையும்போதும் கவனம்: விலங்குச் செல் வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுகிப் பிரியும். தாவரச் செல்லில் நடுவே செல் தட்டு தோன்றி விளிம்பை நோக்கி வளரும். வெங்காயச் செல்லுக்கு இடுப்பு ஒடுங்கியதுபோல் வரைந்தால் அதற்கும் மதிப்பெண் போகும்.