ஜாக் அண்ட் ஜில் போட்டியில் ஒரு பெண் லீடராக இறங்கலாமா?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறேன். மூன்று வருடமாக வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்ற ஜோடி நடனம் ஆடுகிறேன். அதில் அசைவைத் தொடங்கி வழிநடத்துபவர் லீடர், அதற்கேற்ப ஆடுபவர் ஃபாலோவர். ஃபாலோவராக ஆரம்பித்து, போன வருடத்திலிருந்து லீட் செய்யவும் கற்றுக்கொண்டேன். தனியாகப் பெயர் கொடுத்து, களத்தில் ஜோடி சேர்ந்து ஆடும் ஜாக் அண்ட் ஜில் போட்டி ஒன்று அடுத்து வருகிறது. அதில் லீடராகப் பெயர் கொடுக்க ஆசை. "பொண்ணு லீட் பண்ணா நடுவர்கள் மார்க்கைக் குறைச்சிடுவாங்க" என்கிறாள் ஒரு தோழி. "லீடர்கள் குறைவு, சுலபமா ஃபைனல் போயிடலாம்னு பார்க்கிறியா?" என்று இன்னொருவர் கேட்டது மனதை உறுத்துகிறது. என் உயரம் 5 அடி 1 அங்குலம். பெயர் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். விதி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இந்த நடனத்தில் போட்டியாளர்களின் புள்ளிக் கணக்கை வைத்திருக்கும் உலக ஸ்விங் நடன கவுன்சில், லீடராக வாங்கிய புள்ளியையும் ஃபாலோவராக வாங்கிய புள்ளியையும் தனித்தனியாகவே பதிகிறது. எந்தப் பக்கம் ஆடுவது என்பது ஆடுகிறவரின் விருப்பம். ஆணா பெண்ணா என்ற கேள்வி அங்கே கிடையாது. இதுவரை ஃபாலோவராக நீங்கள் சேர்த்த புள்ளிகளும் அப்படியே இருக்கும். இரண்டாவதாக எடுக்கும் பங்கில் எந்தத் திறன் நிலையில் ஆடலாம் என்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. போட்டியின் விதிப் பக்கத்தில் அதை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மார்க் பற்றிய பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பால்ரூம் போட்டிகளில் ஜோடி என்றாலே கோட் போட்ட ஆணும் கவுன் போட்ட பெண்ணும்தான் என்று வெகுகாலம் இருந்தது. 2014-இல்கூட பிரிட்டனின் நடன கவுன்சில் முன் ‘ஜோடி என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்’ என்று விதி எழுதும் யோசனை வந்தது, அதற்குப் பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. அமெரிக்காவில் 2019-இல் யுஎஸ்ஏ டான்ஸ், தேசிய நடன கவுன்சில் என்ற இரண்டு பெரிய அமைப்புகளும் ஜோடி என்பதை ‘ஒரு லீடர், ஒரு ஃபாலோவர், பாலினம் எதுவானாலும் சரி’ என்று மாற்றி எழுதின. அதே 2019-இல் டென்மார்க்கின் தொலைக்காட்சி நடனப் போட்டியில் இரண்டு ஆண்கள் ஜோடியாக ஆடி வென்றார்கள். அடுத்த வருடம் பிரிட்டனின் தொலைக்காட்சி நடனப் போட்டியில் ஒலிம்பிக் குத்துச்சண்டை வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸ், தொழில்முறை நடனக் கலைஞர் காட்யா ஜோன்ஸுடன் ஜோடி சேர்ந்து மேடையேறினார். ஆக, உங்கள் தோழி சொல்வது கற்பனை அல்ல. ஆனால் அது வேறு நடனத்தின் பழைய கதை.

ஜாக் அண்ட் ஜில்லில் ஜோடியாக யாரும் வருவதில்லை. தனியாகப் பெயர் கொடுக்கிறோம், யாருடன் ஆடுவோம் என்று களத்தில் நிற்கும்போதுதான் தெரியும். முதல் சுற்றில் லீடர்கள் ஒரு வரிசை, ஃபாலோவர்கள் ஒரு வரிசை. ஒரு பாட்டு முடிந்ததும் ஜோடி மாறும். நடுவர்களில் ஒரு பகுதியினர் லீடர்களை மட்டும் பார்ப்பார்கள், மற்றவர்கள் ஃபாலோவர்களை மட்டும். அவர்கள் கையிலிருக்கும் தாளில் உங்கள் எண்ணுக்கு நேரே ‘ஆம்’, ‘மாற்று’ (தேவைப்பட்டால் சேர்க்கலாம்), ‘இல்லை’ என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பார்கள். தாளம் சரியாக விழுகிறதா, உடல் நுட்பம் எப்படி, எதிரே இருப்பவரோடு சேர்ந்து ஆடுகிறாரா: பார்ப்பது இதைத்தான். ஃபைனலில் குலுக்கலில் ஜோடி அமையும், அங்கேதான் இருவரையும் சேர்த்து ஒன்றாக மதிப்பிடுவார்கள்.

ஆனாலும் நடுவரின் கண் பழக்கத்துக்கு அடிமை என்பதை மறைக்க மாட்டேன். அகன்ற தோளோடு ஒருவர் கையை வீசி லீட் செய்தால் அது தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் லீட் இதமாக இருந்தால், எதிரே ஆடுகிறவருக்கு அது சுகமாக இருக்கும், பத்தடி தள்ளி நிற்கும் நடுவருக்குத் தெரியாமல் போகலாம். அதற்காக ஆண்களைப் போல ஆட முயலாதீர்கள். கையால் இழுப்பதை விட்டுவிட்டு உடலை நகர்த்துங்கள். தாளத்தின் ‘ஒன்று’ விழும்போது உங்கள் இடுப்பு பின்னால் போகிறது என்றால் அது அரங்கின் மூலை வரை தெரியும். ஒவ்வொரு அசைவின் கடைசியிலும் வரும் ஆங்கரை, அதாவது இருவரும் நிலைகொள்ளும் அடிகளை, அவசரப்படாமல் முழுசாக முடியுங்கள். புதிதாக லீட் செய்கிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது அங்கேதான்.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். ஆறடி உயரமுள்ள ஒருவரை உங்கள் கைக்கு அடியில் திருப்ப வேண்டி வந்தால், அவர் உங்களை நெருங்கிய பிறகு கையைத் தூக்காதீர்கள். அவர் முதல் இரண்டு அடி எடுத்து வைக்கும்போதே கை மேலே போகட்டும். விரல்களைத் தளர்த்தி, அவர் கை உங்கள் விரல்களுக்குள் சுழல இடம் கொடுங்கள். கையை உங்கள் தலைக்கு மேல் நிறுத்தாமல், அவர் நெற்றிக்கு முன்னால் கொண்டுபோங்கள். முழங்கையை மடக்கி அவரே வந்து நுழைந்துகொள்வார். அப்புறம், சுகர் புஷ், லெஃப்ட் சைட் பாஸ், விப் என்று தலைக்கு மேல் கை போகாத அசைவுகளே ஒரு பாட்டுக்குத் தாராளமாகப் போதும். மூன்றையும் நன்றாக ஆடினாலே முதல் சுற்றைத் தாண்டிவிடலாம்.

இனி அந்த உறுத்தல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு போட்டியில் 20 லீடர்கள், 35 ஃபாலோவர்கள். ஃபைனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 10 பேர். லீடர்களில் பாதிப் பேர் ஃபைனல் போவார்கள். ஃபாலோவர்களில் ஏழு பேருக்கு இரண்டு பேர்தான். ஃபாலோவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதாவது, யாரும் யாருக்கும் அநியாயம் செய்ய நினைக்காத ஒரு போட்டியிலும் பெண்களுக்கு வாசல் குறுகலாக இருக்கிறது. இதைத்தான் நான் பெரிய பிரச்சினையாகப் பார்க்கிறேன். விதிப் புத்தகத்தை மாற்றிவிட்டால் மட்டும் இது சரியாகாது. பெண்கள் லீட் செய்யவும் ஆண்கள் ஃபாலோ செய்யவும் முதல் வகுப்பிலிருந்தே பழகினால்தான் இரண்டு வரிசையும் சமமாகும். நீங்கள் லீடர் வரிசைக்குப் போனால் அங்கே 21, இங்கே 34. யாருடைய இடத்தையும் நீங்கள் பறிக்கவில்லை. உங்கள் தோழிகளின் வாசலை ஒரு விரற்கடை அகலமாக்குகிறீர்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் இந்தக் கணக்கையே சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீடராவதைப் ‘பதவி உயர்வு’ மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங்கில் ஃபாலோ செய்வது கீழ்ப்படிவது அல்ல. பாட்டில் ஒரு வயலின் இழையும் இடத்தில் ஃபாலோவர் அடியை நீட்டினால் லீடர் காத்திருக்கத்தான் வேண்டும். எத்தனை இடம் விட வேண்டும், எங்கே இழுத்தால் வலிக்கும் என்று இரண்டு வருடம் அந்தப் பக்கம் மட்டுமே நின்று ஆடிய உங்களுக்குத் தெரியும். லீட் மட்டுமே கற்ற பலருக்கு அது வர வெகுநாளாகும்.

களத்தில் சில சங்கடங்கள் வரத்தான் செய்யும். நான் போயிருந்த ஒரு போட்டியில் அறிவிப்பாளர் மைக்கில் "ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்" என்றார். லீடர் எண்ணை முதுகில் குத்தியிருந்த ஒரு பெண் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஐந்து விநாடிதான் இருக்கும். பாட்டு தொடங்கும் வரை அவர் தோள் இறங்கவே இல்லை. அதனால் இப்போதே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "நான் லீடராக ஆடுகிறேன். அறிவிப்பில் லீடர்கள், ஃபாலோவர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்று இரண்டு வரி போதும். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு செய்வார்கள். சில இடங்களில் ஜாக் அண்ட் ஜில் என்ற பெயரையே ‘மிக்ஸ் அண்ட் மேட்ச்’ என்று மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆட விருப்பமிருந்தால், ஒரே பிரிவில் அப்படி ஆட அனுமதி உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

போட்டிக்கு முன் வரும், சும்மா கூடி ஆடும் சோஷியல் இரவுகளில், தெரியாதவர்களோடு மட்டும், ஓர் இரவுக்குப் பத்துப் பாட்டாவது லீட் செய்யுங்கள். உங்களைவிட உயரமான ஆண்களையும் ஃபாலோ செய்யக் கூப்பிடுங்கள். ஹீல்ஸ் வேண்டாம், தட்டையான ஸ்வேட் அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது. போட்டியில் ஜோடி மாறி எதிரே வருகிறவர் ஒரு கணம் குழம்பினால் விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. சிரித்துக்கொண்டே இடது உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டுங்கள். அவர் வலது கை தானாக வந்து அமரும்.